தென்னை ஏறும் கருவி: நின்று ஏறுவதா, உட்கார்ந்து ஏறுவதா?

மரம் ஏற ஆள் கிடைக்காமல் கருவி வாங்கப் போகிறவர்கள் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

வேகம்
நிற்கும் வகை (கேரளத்தின் செம்பேரி என்ற ஊரில் உருவான கருவி போல): வலக்கை வலக்கால், இடக்கை இடக்கால் என்று மாற்றித் தூக்கி வைத்தால் விறுவிறுவென ஏறலாம்.
உட்காரும் வகை: இருக்கையில் அமர்ந்து கீழ்ச்சட்டத்தைக் காலால் தூக்கி, எழுந்து மேல்சட்டத்தை நகர்த்த வேண்டும். மெதுவாகத்தான் போகும்.

பாதுகாப்பு
நிற்கும் வகையில் கை தவறினால் தாங்க ஒன்றுமில்லை. இடுப்புப் பட்டையை மரத்தைச் சுற்றிய கயிற்றோடு மாட்டாமல் ஏறவே கூடாது.
உட்காரும் வகையில் பயம் குறைவு, பட்டை இதற்கும் வேண்டும். இரு சட்டங்களையும் கயிற்றால் இணைத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சட்டம் நழுவி இறங்கிவிட்டால் உச்சியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பராமரிப்பு
மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் கம்பிக்கயிறு உள்ள கருவியில் உயிர் அதில்தான் இருக்கிறது. ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள். மரத்தில் பதியும் ரப்பர் தேய்ந்தால் பிடி வழுக்கும். மழை ஈரமும் பாசியும் சேர்ந்தால் அன்று ஏற வேண்டாம்.

நாள் முழுக்கக் காய் பறிப்பவருக்கு நிற்கும் வகை. புதிதாக ஏறுபவருக்கும், மரத்தின் கொண்டையைச் சுத்தம் செய்து, குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைக் கம்பியால் குத்தி எடுப்பவருக்கும் உட்காரும் வகைதான். இருக்கையில் அமர்ந்துவிட்டால் இரு கைகளும் வேலைக்கு ஓய்வாக இருக்கும்.