கேமராவுக்கு ஒரு பொட்டு: சாஃப்ட் ரிலீஸோடு ஆறு வருஷம்

என்னிடம் மூன்று பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள் (இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் கேமராக்கள்) இருக்கின்றன. சித்தப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிவந்த யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என், பழைய சாமான்களோடு சாமானாகக் கிடைத்த கேனனெட் க்யூஎல்17 ஜி3, அப்புறம் ஒரு சோவியத் ஸோர்க்கி 4. மூன்றிலும் ஷட்டர் பட்டன் மேல் ஒரு குட்டி உலோகக் குமிழைத் திருகி ஆறு வருஷமாகப் படம் எடுத்துப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு அந்தக் குமிழ் இருப்பது யாஷிகாவில் மட்டும்தான். மற்ற இரண்டிலிருந்தும் கழற்றிவிட்டேன்.

இதற்கு சாஃப்ட் ரிலீஸ் என்று பெயர். பழைய கேமராக்களின் ஷட்டர் பட்டன் நடுவில் மரை வெட்டிய சின்னத் துளை இருக்கும். பட்டனை விரலால் தொடாமல் ஷட்டரை விட உதவும் கம்பியை, அதாவது கேபிள் ரிலீஸை, மாட்டுவதற்காக வைத்தது. மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே குறுகும் கூம்பு மரை அது. அந்தத் துளையில்தான் இந்தக் குமிழைத் திருகுகிறோம். 2011இல் வந்த ஃபூஜி எக்ஸ்100 டிஜிட்டல் கேமராவிலும் அதே துளை இருந்ததால், அதற்காகச் செய்த குமிழ்கள் சல்லிசாகக் கிடைக்கத் தொடங்கின. ஆனால் பழைய கேமரா எல்லாவற்றிலும் ஏறாது. லென்ஸைத் திருகி மாட்டிய ஸ்க்ரூ மவுண்ட் காலத்து லைக்கா, நிக்கான் எஃப், எஃப்2 போன்றவற்றில் பட்டனுக்குள் மரை கிடையாது. அவற்றின் கேபிள் ரிலீஸ் மணி மாதிரி வெளியே கவிழ்ந்து திருகிக்கொள்ளும். வாங்குவதற்கு முன் பட்டனை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

நான் முதலில் வாங்கியது சிவப்பு அலுமினியம், மேடான வகை. மாட்டிய அன்றைக்கே அம்மா பார்த்துவிட்டு, "என்னடா, கேமராவுக்குப் பொட்டு வெச்சிருக்கே?" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் பொட்டுதான்.

இதை மாட்டினால் கை ஆட்டம் குறையும், ஒரு ஸ்டாப் லாபம் (அதாவது ஷட்டர் வேகத்தைப் பாதியாக்கினாலும் படம் ஆடாது), இரண்டு ஸ்டாப் லாபம் என்று சொல்வார்கள். நானும் நம்பித்தான் வாங்கினேன். ஒரு வருஷம் கழித்துச் சந்தேகம் வந்தது. கேனனெட்டில் ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸ் திறப்பின் அளவையும்) கையால் வைக்கலாம் என்பதால் அதில் ஒரு முழு ரோலைச் செலவு செய்தேன். எங்கள் தெரு ரேஷன் கடைப் பலகைக்கு எதிரே, சாயங்கால நிழலில், நின்றபடி. 1/30 நொடியில் குமிழோடு ஆறு, குமிழ் இல்லாமல் ஆறு. 1/15இலும் 1/8இலும் அதே மாதிரி. மொத்தம் 36. போவோர் வருவோர் எல்லாம் ரேஷன் கடைமேல் ஏதோ புகார் எழுதப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நெகட்டிவை லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பலகையின் எழுத்துகளைப் படித்துப் பார்த்தேன். 1/30இல் இரண்டு வகையும் சுத்தம். 1/15இல் குமிழோடு நான்கு தேறின, இல்லாமல் மூன்று. 1/8இல் குமிழோடு ஒன்று, இல்லாமல் இரண்டு! ஒரு ரோலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் இரண்டு ஸ்டாப் லாபம் என்று ஒன்று நிஜமாகவே இருந்தால் இந்த ஆறு ஆறு படங்களில் கொஞ்சமாவது கண்ணில் பட்டிருக்க வேண்டாமா?

யோசித்தால் விஷயம் எளிது. பட்டனை இறக்க எவ்வளவு விசை வேண்டுமோ, குமிழ் போட்டாலும் அதே விசைதான். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு மேலே பொட்டு இருப்பது தெரியாது. மாறுவது விரல். வெறும் பட்டன் என்றால் விரல் நுனியைச் செங்குத்தாக ஊன்றுகிறோம். அப்படி ஊன்றும்போது கேமராவின் வலது பக்கம் முழுக்கக் கீழே இறங்கும். குமிழ் இருந்தால் பட்டன் உயர்ந்துவிடுவதால், ஆள்காட்டி விரலைக் கேமராவின் தலைமேல் படுக்க வைத்து, முதல் கணு இருக்கும் சதையால் உருட்டுகிற மாதிரி அழுத்தலாம். அமுக்குவது போய்ப் பிழிவது மாதிரி ஆகிவிடுகிறது. லாபம் அங்கேதான். இந்த விரல் பழக்கம் வந்தபின், ஓரளவு வெறும் பட்டனிலும் அதைச் செய்ய முடிகிறது. 1/8இல் வெறும் பட்டன் ஜெயித்ததற்கு அதுதான் காரணமோ என்று ஒரு சந்தேகம் உண்டு. அந்தப் படங்களைக் கடைசியாகத்தான் எடுத்தேன்.

அப்படியென்றால் யாஷிகாவில் மட்டும் ஏன் வைத்திருக்கிறேன்? அதன் பட்டன் ரொம்ப ஆழமாக இறங்கும். எலக்ட்ரோவில் அப்பர்ச்சரை நாம் வைக்க வேண்டும், வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். பட்டன் பாதி இறங்கும்போது விளக்கு எரியும். மஞ்சள் எரிந்தால் வேகம் 1/30க்குக் கீழே போகிறது, எதையாவது பிடித்துக்கொள் என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால் வெளிச்சம் 1/500க்கும் அடங்கவில்லை, அப்பர்ச்சரைக் குறை என்று அர்த்தம். விளக்கைப் பார்த்துவிட்டு மேலும் ஒரு நீண்ட இறக்கம். வெறும் பட்டனில் கடைசிப் பகுதியில் விரல் நுனி உள்ளே புதைகிற மாதிரி ஆகி, சரியாக ஷட்டர் விழும் நேரத்தில்தான் கை அசையும். குமிழ் போட்டபின் அந்தக் கடைசி இறக்கம் முழுக்க விரல் மேலேயே நிற்கிறது. ஆறு வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த நன்மை இது ஒன்றுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரோ வைத்திருப்பவர்கள், பட்டன் சரியில்லை என்று சாஃப்ட் ரிலீஸ் தேடுவதற்கு முன், ஃபிலிம் லீவரை இழுத்துக் காதைக் கொடுங்கள். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால், பட்டனோடு சேர்ந்து இயங்கும் கம்பியில் இருக்கும் சின்ன ரப்பர் அட்டை வயதாகி நொறுங்கியிருக்கும். ஐம்பது வயது ரப்பர், வேறென்ன செய்யும். அதற்கு மெக்கானிக்தான் வழி, பொட்டு உதவாது.

கேனனெட்டின் கதை வேறு. ஆட்டோவில் வைத்தால், நாம் வைத்த வேகத்துக்கு ஏற்ற அப்பர்ச்சரை வெளிச்சம் அளக்கும் மீட்டரின் முள் காட்டும். பட்டன் இறங்கும் முதல் பகுதியில் உள்ளே அந்த முள் பிடித்து நிறுத்தப்படும். முள் நின்ற இடம்தான் அப்பர்ச்சர். வெளிச்சம் எல்லைக்கு வெளியே இருந்தால் பட்டன் இறங்கவே இறங்காது. எனவே முகத்துக்கு அளவு எடுத்து, பாதி அழுத்தத்தில் முள்ளைப் பிடித்துவைத்து, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டம் அமைக்கலாம். நல்ல வசதி. ஆனால் முள் பிடிபடும் அந்த நுணுக்கமான தட்டலை விரல் நுனிதான் உணரும். அகலமான குமிழ் போட்டதும் அது மங்கிவிட்டது. பாதி என்று நினைத்து முழுதாக அழுத்தி, தரையையும் பாதி முகத்தையும் எடுத்த ஃபிரேம்கள் நிறைய. ஒரே ரோலில் ஐந்து வீணானதும் கழற்றிவிட்டேன். இப்போது ஃபிலிம் விற்கிற விலையில் இது விளையாட்டு இல்லை.

ஸோர்க்கியில்தான் எனக்கு வருத்தம். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்கில் 1956 முதல் 1973 வரை செய்தார்கள். மூன்றில் பட்டன் கெட்டியானது அதில்தான். குமிழ் அதிகம் தேவைப்படுவதும் அதற்குத்தான். மாட்டியதும் விரலுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் பட்டனைச் சுற்றி ஒரு வளையம் உண்டு, ஃபிலிமைத் திரும்பச் சுற்ற அதைத் திருப்ப வேண்டும். 11 மில்லிமீட்டர் குமிழ் அந்த வளையத்துக்குக் குடை பிடித்த மாதிரி நிற்கும். ஒவ்வொரு ரோல் முடிவிலும் கழற்று, திருப்பு, சுற்று, மாட்டு. இன்னொன்றும் உண்டு. அகலமான குமிழின் ஓரத்தில் அழுத்தினால் பட்டன் நேராக இறங்காமல் சாய்ந்து இறங்கும். கெட்டியான பட்டன் என்றால் தண்டு பக்கவாட்டில் உரசுவது விரலுக்கே தெரியும். அறுபது வருஷப் பழசை நான் போய்த் தேய்க்க வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

வடிவத்தைப் பற்றி என் கட்சி குழிந்த வகை. மேடான குமிழ் அழகு, ஆனால் வேர்வை விரலுக்கு வழுக்கும். தட்டையானது எங்கே நடு என்று சொல்லாது. குழிந்தது விரலைத் தானாக நடுவுக்கு இழுத்துக்கொள்ளும், அதனால் சாய்ந்து இறங்கும் பிரச்சினையும் குறைவு. அளவு 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். நான் பார்த்ததிலேயே நேர்த்தியானது, லைக்கா எம்6 வைத்திருக்கும் நண்பனிடம் இருக்கும் குட்டிக் குமிழ். வான்கூவரில் இருந்த டாம் ஆப்ரஹாம்சன் என்பவர் செய்தது. லைக்காவுக்கு ஃபிலிமை வேகமாகச் சுற்றும் ரேப்பிட்விண்டர் செய்தாரே, அவர்தான். மரை கடைசிச் சுற்றுவரை வெண்ணெய் மாதிரி ஏறும். என்னிடம் இருக்கும் மலிவுக் குமிழ்கள் இரண்டு சுற்றில் முட்டிக்கொண்டு நின்றுவிடும், கூம்பு சரியாக அமையாததால்.

அந்த இரண்டு சுற்றுதான் என் சிவப்புப் பொட்டைப் பறித்தது. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழா எட்டாம் நாள், அறுபத்துமூவர். மாட வீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துகொண்டிருந்தேன், கேமரா மார்பில் தொங்க. யாருடைய தோளோ, யாருடைய பையோ உரசி உரசிக் குமிழ் ஒவ்வொரு இழையாகக் கழன்றிருக்கிறது. அடுத்த படத்துக்கு விரலை வைத்தால் வெறும் துளை. அந்தக் கூட்டத்தில் குனிந்து தேடினால் நம்மைத்தான் யாராவது தேட வேண்டியிருக்கும். மோர்ப் பந்தலில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பல வைத்தியம் பார்த்தேன். குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப் பிடிக்கும். ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம், திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போது பிரிந்துவரும். ஒருமுறை கழற்றியபோது டேப்பின் நூல் ஒன்று துளைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஊசியை வைத்து அதை எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. நகப்பூச்சு ஒரு மாதம் தாங்கியது. ஃபெவிக்விக் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடவே கூடாது. இடுக்கில் ஓடிப் பட்டனையே அதன் கூட்டோடு ஒட்டிவிடும், அதன் ஆவி கண்ணாடிமேல் வெள்ளையாகப் படியும்.

கடைசியில் நின்றது ஓ-ரிங். ஹார்டுவேர் கடையில் இருப்பதிலேயே சின்ன ரப்பர் வளையம். குமிழுக்கும் பட்டனுக்கும் நடுவில் அதை மாட்டித் திருகினால் ரப்பர் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும். இதில் இன்னொரு நோயும் குணமானது. என்னிடம் ஒரு பித்தளைக் குமிழின் திருகு கொஞ்சம் நீளம். அதை இறுக்கும்போது கடைசித் திருப்பில் ஷட்டர் தானாக விழுந்துவிடும். கேபிள் ரிலீஸின் ஊசி உள்ளே போய்த் தள்ள வேண்டிய இடத்தை இந்தத் திருகே போய்த் தள்ளிவிடுகிறது. அப்படியே விட்டால் பட்டன் எப்போதும் பாதி அழுந்தியபடி இருக்கும். ஓ-ரிங் போட்டதும் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து சரியாகிவிட்டது. புதிதாக எதை மாட்டினாலும், ஃபிலிம் இல்லாமல் லீவரை இழுத்துவைத்துத் திருகிப் பாருங்கள்.

பித்தளை பார்க்க லட்சணம். ஆனால் சென்னை வேர்வைக்கு மூன்றே மாதத்தில் களிம்பேறி விரலில் பச்சை ஒட்டும். புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி மின்னும், அடுத்த மாதம் மறுபடியும் புளி. அலுமினியத்துக்கு அந்த வம்பு இல்லை, சாயம்தான் ஓரத்தில் தேயும்.

பழைய தோல் உறை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குமிழ் இருந்தால் மூடி சரியாக உட்காராது. உட்கார வைத்து உறையின் பட்டனைப் போட்டால் மூடியே ஷட்டரை அழுத்திக்கொண்டிருக்கும். இருட்டில் பத்து நாள் யாஷிகா விளக்கை எரித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தபோது பேட்டரி காலி. பேட்டரி இல்லாவிட்டால் அந்தக் கேமரா 1/500இல் மட்டும்தான் ஓடும். எம்6 நண்பனுக்கும் இதே கதைதான். அதில் பாதி அழுத்தினால் மீட்டர் எழுந்துகொள்ளும். அவன் இப்போது படம் எடுக்கும் நேரத்துக்கு முன்னால்தான் லீவரை இழுப்பான், இழுக்காத கேமராவில் மீட்டர் எழாது. நான் தோல் உறையைப் பீரோவில் போட்டுவிட்டேன்.

இப்போது யாஷிகாவில் இருப்பது கறுப்பு அலுமினியம், குழிந்த வகை, கீழே ஓ-ரிங். மூன்றாவது வருஷம் ஆகிறது, இரண்டு பங்குனியைத் தாண்டிவிட்டது. கழற்றிய குமிழ்கள் ஒரு காலி ஃபிலிம் டப்பாவில், நான்கு உபரி ஓ-ரிங்குகளோடு கிடக்கின்றன. அம்மாவுக்கு மட்டும் கறுப்புப் பிடிக்கவில்லை. சிவப்பே லட்சணமாக இருந்தது என்கிறாள்.