ஹெட்ஸ்னர் கிளவுட்: சர்வர் ஜெர்மனியில், பயனர் சென்னையில்

இரண்டு கோர், 4 ஜி.பி. ரேம் உள்ள சர்வருக்கு, வாடகை சர்வர் தரும் லினோடும் டிஜிட்டல் ஓஷனும் மாதம் 24 டாலர் வாங்குகின்றன. முன்னதுக்குச் சென்னையிலும் மும்பையிலும், பின்னதுக்குப் பெங்களூரிலும் டேட்டா சென்டர் உண்டு. அதே கோர், அதே ரேமை ஜெர்மன் நிறுவனமான ஹெட்ஸ்னர் 2025இல் ஜெர்மனியிலும் ஃபின்லாந்திலும் வரி நீங்கலாக 4 யூரோவுக்குள் கொடுத்தது. டிஸ்க் மட்டும் 80க்குப் பதில் 40 ஜி.பி. விலைப்பட்டியல் அவ்வப்போது மாறுகிறது, வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கும்போது, "தூரத்தில் இருக்கிறதே" என்ற ஒரே காரணத்துக்காக இதை ஒதுக்குவது சரியில்லை. தூரம் எந்த வேலையைக் கெடுக்கும், எதைக் கெடுக்காது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். அதாவது ஒவ்வொரு 100 கி.மீ.க்கும் போய்வர 1 மில்லிசெகண்ட். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் 2,900 கி.மீ. இரண்டுக்கும் நடுவே கடலுக்கடியில் நேராகவே கேபிள் போகிறது, அதனால் நல்ல இணைப்பில் பிங் (ஒரு பாக்கெட் போய்வரும் நேரம்) 35 மில்லிசெகண்ட் அளவில் நிற்கும். ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 7,600 கி.மீ., கணக்குப்படி 76 வரவேண்டும். ஆனால் பாதை மும்பை, செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் என்று சுற்றிப் போவதால் 150ஐ ஒட்டித்தான் கிடைக்கும். ஹெல்சிங்கி இன்னும் கொஞ்சம் கூட. பெங்களூர் 10க்குள்.

இந்த 150 தனியாக ஒன்றும் பெரிதில்லை. ஒரு வேலைக்கு எத்தனை நடை போய்வர வேண்டியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புதிதாக ஒருவர் உங்கள் தளத்தைத் திறந்தால் இணைப்பைத் தொடங்கும் டி.சி.பி. கைகுலுக்கலுக்கு ஒரு நடை, அதை மறையாக்கும் டி.எல்.எஸ். 1.3க்கு ஒரு நடை, பக்கத்தைக் கேட்க ஒரு நடை. முதல் பைட் வரவே 450 மில்லிசெகண்ட். பழைய டி.எல்.எஸ். 1.2 என்றால் 600. அதோடு முடியவில்லை. லினக்ஸ் சர்வர் முதல் தடவையில் 10 பாக்கெட், சுமார் 14 கே.பி. மட்டுமே அனுப்பும், பதில் வந்த பிறகுதான் அடுத்து இரட்டிப்பாக்கும். 90 கே.பி. பக்கம் முழுசாகச் சேர மொத்தம் ஐந்து நடை ஆகிவிடும்: ஜெர்மனியிலிருந்து 750, சிங்கப்பூரிலிருந்து 175, பெங்களூரிலிருந்து 50. இதில் எந்த இடத்திலும் உங்கள் பேண்ட்வித் குறுக்கே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 300 எம்.பி.பி.எஸ். ஃபைபர் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

அப்படியானால் ஹெட்ஸ்னரின் சிங்கப்பூர் கிளையையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். 2024இல் திறந்தார்கள். ஆனால் இந்த நிறுவனத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மலிவான இன்டெல் ரகமும் ஆர்ம் ரகமும் அங்கே வைக்கப்படவில்லை. ஏ.எம்.டி. ரகங்கள் மட்டுமே, அதுவும் கூடுதல் விலையில். டிராஃபிக்கில் வித்தியாசம் இன்னும் அதிகம்: ஐரோப்பாவில் மாதம் 20 டி.பி. சேர்த்தே தருகிறார்கள், சிங்கப்பூரில் சிறிய சர்வருக்கு அரை டி.பி.தான். தாண்டினால் ஒரு டி.பி.க்கு ஐரோப்பாவில் 1 யூரோ, சிங்கப்பூரில் அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆசியாவில் டிரான்சிட் (மற்ற நெட்வொர்க் வழியாக டேட்டா அனுப்பும் கட்டணம்) விலையே அப்படி. அமேசானின் வாடகை சர்வர் சேவையான லைட்செயிலும் மும்பையில் மற்ற இடங்களில் தருவதில் பாதி டிராஃபிக்கைத்தான் தருகிறது. ஆக, வீடியோ, பெரிய டவுன்லோடு என்று டேட்டா வெளியே கொட்டும் வேலைக்குச் சிங்கப்பூர் சரிப்படாது. சின்னச் சின்னப் பதில்களை உடனுக்குடன் தரவேண்டிய ஏ.பி.ஐ. (செயலிகள் கேட்கும் தகவலைத் தரும் சேவை) என்றால் தாராளமாக எடுக்கலாம்.

ஜெர்மனி சர்வர் அருமையாக ஓடும் வேலைகள் நிறைய: இரவு பேக்கப், கிட் களஞ்சியம் (நிரல் சேமிப்பகம்), சி.ஐ. பில்டு (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிப்பது), அஞ்சல் பெட்டி, டெலிகிராம் பாட், மானிட்டரிங், ஆள் யாரும் எதிரே உட்கார்ந்து காத்திருக்காத எல்லாமே. வலைப்பூ, செய்தித்தளம் மாதிரி எல்லோருக்கும் ஒரே பக்கத்தைக் காட்டும் தளமும் சரி, முன்னால் ஒரு சி.டி.என். (பக்கத்தின் நகலைக் கேஷில் சேமித்து, பயனருக்குப் பக்கத்திலிருந்தே தரும் சேவை) போட்டால். சி.டி.என். நிறுவனமான கிளவுட்ஃபிளேருக்குச் சென்னையிலேயே முனையம் இருக்கிறது. கைகுலுக்கல்கள் அங்கேயே முடிந்துவிடும், கேஷில் இருக்கும் பக்கம் ஜெர்மனி வரை போகவே போகாது. கேஷில் இல்லாததுக்கும், சி.டி.என்.னுக்கும் சர்வருக்கும் இடையிலான இணைப்பு திறந்தே இருந்தால் ஒரு நடை போதும். அதனால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் கீப்-அலைவ் நேரத்தை (இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் நேரம்) குறைத்து வைக்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: கிளவுட்ஃபிளேர் இயல்பாகப் படம், சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்டைத்தான் கேஷ் செய்யும். எச்.டி.எம்.எல். பக்கத்துக்கு நீங்கள் தனியாக விதி எழுத வேண்டும். இதை விட்டுவிட்டு "சி.டி.என். போட்டும் வேகம் வரவில்லை" என்பவர்கள் அதிகம்.

ஒத்துவராதவை: ஆன்லைன் கேம் சர்வர், ரிமோட் டெஸ்க்டாப், பில் போடும் கவுன்டர் மென்பொருள். பங்குச்சந்தை பாட் என்றால் தேசியப் பங்குச்சந்தை இருக்கும் மும்பையைத் தவிர வேறு ஊரை யோசிக்கவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு, செயலியை இந்தியாவில் வைத்து டேட்டாபேஸை மட்டும் ஜெர்மனியில் வைப்பது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்துக்கு 40 கேள்வி கேட்டால் 40 நடை, அதாவது 6 நொடி. இரண்டும் ஒரே டேட்டா சென்டரில் இருந்தால் ஒரு நடை ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழ். பிரிக்கவே கூடாது.

கோப்பு அனுப்புவதிலும் இதே கணக்குதான். கோப்பு அனுப்பும் முறையான எஸ்.எஃப்.டி.பி.யில் 10,000 சிறு கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றினால், கோப்புக்கு மூன்று நடை என்றாலும் 75 நிமிடம் வெறும் காத்திருப்பு. டார் போட்டு ஒரே கோப்பாக்குங்கள், அல்லது கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கருவியைப் பயன்படுத்துங்கள். பெரிய ஒற்றைக் கோப்பு மெதுவாக வந்தால் அது பாக்கெட் இழப்பு. ரீனோ என்ற பழைய நெரிசல் கட்டுப்பாட்டு முறையின் கணக்குப்படி பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தாலே 150 மில்லிசெகண்ட் தூரத்தில் ஒரு இணைப்பின் வேகம் 10 எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கீழே போய்விடும். 35 மில்லிசெகண்டில் 40 வரை கிடைக்கும். சர்வரின் சிஸ்கன்ட்ரோல் (sysctl) என்னும் கெர்னல் அமைப்பில் நெரிசல் கட்டுப்பாட்டை பி.பி.ஆர். ஆகவும், வரிசை முறையை எஃப்.க்யூ. ஆகவும் மாற்றினால் இது பெருமளவு சரியாகும். கெர்னல் 4.9க்கு மேல் எதிலும் இருக்கிறது. அனுப்பும் பக்கத்தில் மட்டும் மாற்றினால் போதும்.

சர்வரைத் தூரத்திலிருந்து இயக்கும் எஸ்.எஸ்.எச்.சில் தட்டும் எழுத்து தாமதமாக வருவது எரிச்சல்தான். மோஷ் என்ற கருவியைப் போடுங்கள், தட்டியதை உங்கள் திரையிலேயே உடனே காட்டிவிடும். ஃபயர்வாலில் யு.டி.பி. 60000 முதல் 61000 வரை திறக்க மறந்தால் இணையாது.

செங்கடலை மறக்கக் கூடாது. 2024 பிப்ரவரியிலும் 2025 செப்டம்பரிலும் அங்கே கேபிள்கள் அறுந்தன. அப்படி ஆனால் டிராஃபிக் சுற்றுப்பாதையில் திருப்பப்படும், பிங் ஏறிவிடும், பழுதுபார்க்கும் கப்பல் வரும்வரை வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். இதைத் தாங்க முடியாத தொழில் என்றால் 24 டாலரே கொடுத்துவிடுங்கள்.

கணக்கு தொடங்கும்போது அடையாளச் சான்று கேட்கலாம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அஞ்சலுக்கான 25, 465 போர்ட்கள் மூடியே வரும். முதல் பில் கட்டிய பிறகு கேட்டால் திறப்பார்கள். பழைய வகை இணைய முகவரியான ஐ.பி.வி.4 வேண்டாம் என்றால் மாதம் அரை யூரோ மிச்சம், ஆனால் புதிய வகையான ஐ.பி.வி.6 இல்லாத பயனருக்குத் தளம் திறக்காது, கிட்ஹப்பிலிருந்து எதையும் இழுக்கவும் முடியாது. பெரிதாக்கும்போது "சி.பி.யூ., ரேம் மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கையும் வளர்த்துவிட்டால் பிறகு சிறிய திட்டத்துக்கு இறங்க வழியில்லை.

வாங்குமுன் அவர்களுடைய வேகச்சோதனைக் கோப்புகளை ஜெர்மனி, ஹெல்சிங்கி, சிங்கப்பூர் மூன்றிலிருந்தும் இறக்கிப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பாருங்கள், காலையில் எல்லாப் பாதையும் காலியாகத்தான் இருக்கும். ஜியோவில் ஒருமுறை, ஏர்டெல்லில் ஒருமுறை, ஐ.பி.வி.4, ஐ.பி.வி.6 இரண்டிலும் எம்.டி.ஆரை (பாதையிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரின் தாமதத்தையும் இழப்பையும் காட்டும் கருவி) 100 பாக்கெட் ஓட்டுங்கள். ஒரே ஊரில் இருந்தாலும் பாதை வேறு வேறாக இருக்கும். நடுவே ஒரு ரவுட்டரில் மட்டும் இழப்பு காட்டினால் பொருட்படுத்த வேண்டாம், கடைசி வரியில் என்ன வருகிறது என்பதே கணக்கு. "சிங்கப்பூர்" என்று எழுதியிருக்கும் எந்த மலிவு சர்வரின் பிங்கும் 200ஐத் தாண்டினால் டிராஃபிக் ஐரோப்பாவையோ அமெரிக்காவையோ சுற்றி வருகிறது என்று பொருள். அந்த விலைக்கு ஜெர்மனியே மேல். திருப்தி என்றால் சர்வரை எடுங்கள், மணிக்கணக்கில்தான் கட்டணம். வேண்டாம் என்றால் அணைத்து வைத்தால் போதாது, அழித்தால்தான் மீட்டர் நிற்கும்.