12 வோல்ட் பேக்குக்கு எந்த செல்?

12 வோல்ட்டில் ஓடும் சின்ன ரேடியோவுக்கோ ஸ்பீக்கருக்கோ சொந்தமாக பேட்டரி பேக் கட்டப்போகிறவர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை எம்ஏஎச் (செல் தேக்கிவைக்கும் சார்ஜின் அளவு) என்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது வோல்டேஜ். அது பொருந்தாவிட்டால் எவ்வளவு எம்ஏஎச் இருந்தும் பயனில்லை.

18650 லித்தியம் அயான் செல்லையே எடுத்துக்கொள்வோம். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், 47 கிராம் போல எடை. மூன்றை வரிசையாகக் கோத்தால் முழு சார்ஜில் 12.6 வோல்ட், தீரும்போது 9 வோல்ட் வரை இறங்கும். 11 வோல்ட்டுக்குக் கீழே அணைந்துவிடும் கருவியாக இருந்தால், செல்லுக்குள் நிறைய சார்ஜ் மிச்சமிருக்கும்போதே பாட்டு நின்றுவிடும். நான்காகக் கோத்தாலோ 16.8 வோல்ட், கருவி புகைந்துவிடலாம். நடுவில் வோல்டேஜை மாற்றித் தரும் ஒரு கன்வெர்ட்டர் வைத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் அதன் இரைச்சல் ரேடியோவில் கேட்கும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (அயானும் அயர்னும் காதில் ஒன்றுபோல விழுவதால் குழம்பாதவர் குறைவு) இங்கேதான் ஜெயிக்கிறது. நான்கு செல்லுக்கு 12.8 வோல்ட், முழு சார்ஜில் 14.6. கார் பேட்டரியை நம்பிச் செய்த கருவிக்கு இது பழகிய அளவு. பெரும்பாலான நேரம் வோல்டேஜ் அசையாமல் நிற்கும். அதனாலேயே வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்வது கஷ்டம். சூடானாலும் எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். குறை என்னவென்றால் கொள்ளளவு: அதே 18650 உருவத்தில் அயான் 3000 எம்ஏஎச் தருமென்றால் இது 1500 பக்கம்தான்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடை நான் ஒதுக்க மாட்டேன். 10 ஏஏ (பென்சில் சைஸ்) செல், ஒரு ஹோல்டர், வேலை முடிந்தது. வெல்டிங் வேண்டாம், பி.எம்.எஸ். (லித்தியம் செல்களைக் காக்கும் சர்க்யூட்) வேண்டாம். ஆனால் எடை 270 கிராமைத் தொடும், சார்ஜ் நிறைந்ததைக் கண்டுபிடித்து நிறுத்தும் சார்ஜரும் வேண்டும்.

லித்தியத்தில் இறங்கினால் பி.எம்.எஸ்.ஸும் சார்ஜரும் அந்தந்த வகைக்கே உரியதாக இருக்க வேண்டும். அயானுக்கு ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், அயர்னுக்கு 3.65. மாற்றிப் போட்டால் விபரீதம்.

இணைப்பிலும் இரண்டு கட்சி உண்டு. சால்டரிங் இரும்பை நேராகச் செல்லின் தலையில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அந்தச் சூடு உள்ளிருக்கும் சீலைக் கெடுக்கும். நிக்கல் பட்டையைச் செல்லின் மேல் வைத்து நொடிநேர மின்சூட்டில் ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்தான் முறை. மெஷின் இல்லையென்றால் பட்டை ஏற்கெனவே ஒட்டி வரும் செல்லை வாங்கி, பட்டையின் நுனியில் சால்டர் செய்யுங்கள். தனியாகப் பட்டை வாங்கினால் சுத்த நிக்கல்தானா என்று பாருங்கள். சுரண்டி உப்புத் தண்ணீரில் போட்டால், நிக்கல் பூசிய இரும்பு ஓரிரு நாளில் துருவைக் காட்டிவிடும். இன்னொன்று: செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ், பாசிட்டிவ் முனையைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட. அங்கே காகித வளையம் ஒட்டாமல் பட்டையை வளைத்தால், மெல்லிய பிளாஸ்டிக் உறை கிழிந்த நொடியே ஷார்ட்.

நான் கட்டுவதென்றால் ரேடியோவுக்கு அயர்ன் பாஸ்பேட், தோளில் தொங்கும் ஸ்பீக்கருக்கு அயான்.