நகாசுக்குக் காசு கொடுத்தோம், நகாசைத்தான் காணோம்

இந்தத் தடவை கோயமுத்தூரில் வங்கி வேலை, ஆதார் திருத்தம், கார் வாடகை எல்லாமே நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தன. சிட்னியில் இருந்து கிளம்பும்போது எதற்கெல்லாம் பயந்தோமோ அதெல்லாம் சுலபம். சொதப்பியது நகைக்கடைதான், அதுவும் தங்க வேலைக்குப் பேர்போன ஊரில்.

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அம்மாவுக்கு ஒரு ஜோடி வளையல் செய்துபோட வேண்டும் என்று நானும் தங்கையும் முடிவு செய்திருந்தோம். பெரியம்மாவிடம் பழைய நகாசு வளையல், அதாவது உளியால் தட்டிக் கைவேலையாகச் செய்த வளையல், ஒன்று இருக்கிறது. வரிசையாக மாங்காய், இரண்டு மாங்காய்க்கு நடுவே ஒரு குட்டி அன்னம். அதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, "இதே மாதிரி" என்று ஆர்டர் கொடுத்தோம். கடை பெரியது, பெயர் வேண்டாம்.

ஆர்டர் எடுத்த அன்று கவனிப்புக்குக் குறைவே இல்லை. "உட்காருங்கக்கா, காபி சாப்பிடுங்கக்கா" என்று ஒரு தம்பி விழுந்து விழுந்து கவனித்தார். எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டோ எடுத்தார். சீட்டில் அளவு 2-6, எடை 24 கிராம், சேதாரம் 14 சதவீதம், டெலிவரி தேதி என்று எழுதிக் கொடுத்தார். பாதிப் பணம் கட்டினால் அந்த அளவு தங்கத்துக்கு அன்றைய விலையே நிற்கும் என்றார்கள். கட்டினோம்.

அப்புறம் அந்தத் தம்பியைப் பார்க்கவே முடியவில்லை. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு குரல், வேறு பதில். பட்டறையில் இருக்குங்கக்கா. பாலிஷுக்குப் போயிருக்குங்கக்கா. ஹால்மார்க் சென்டர்ல கூட்டமுங்கக்கா. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் தவறாமல் விழுந்தது. விடுமுறைக்கு வருகிறவர்கள் திரும்பிப் போகும் தேதியை முதல் நாளே வாயால் சொல்லிவிடுகிறோம். அதற்கு முந்தைய நாள் வரை இழுத்தால் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போவோம் என்று கணக்குப் போடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

விசேஷத்துக்கு முந்தின நாள் வளையல் வந்தது. தூரத்தில் பார்த்தால் அழகுதான். கையில் எடுத்துப் பார்த்தால் அன்னமே இல்லை, அந்த இடத்தில் ஏதோ ஒரு பூ. மாங்காய் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, ஓரமெல்லாம் மழமழவென்று இருந்தது. நகாசு என்பது தகட்டை அரக்கில் பதித்து, சின்ன உளியால் தட்டித் தட்டி உருவத்தை எழுப்புகிற வேலை. ஒரு மாங்காய் போல இன்னொன்று இருக்காது, வரிகளின் ஆழம் மாறும், விரலால் தடவினாலே தெரியும். பெரியம்மாவின் வளையலைப் பக்கத்தில் வைத்ததும் அம்மா எதுவும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

அளவும் 2-4. கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு ஏற்றிப் பார்த்தும் கட்டைவிரல் கணுவைத் தாண்டவில்லை. பில்லில் எடை 26.5 கிராம், சேதாரம் 18 சதவீதம். "நகாசுன்னா சேதாரம் அவ்ளோ வருமுங்கக்கா" என்றார் கவுன்டரில் இருந்தவர். பேசியபடி 24 கிராமுக்கு 14 என்றால் சேதாரம் 3.36 கிராம். அவர்கள் கணக்கில் 4.77. கூடுதலாக வந்த எடைக்கு விலை தனி, மொத்தத்தின் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி தனி.

தங்கைக்குத்தான் அப்போது ஒரு யோசனை வந்தது. 2023 ஏப்ரலில் இருந்து கடையில் விற்கும் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யுஐடி என்ற அடையாளம் பொறித்திருக்க வேண்டும். அதை இந்திய தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தங்கத்தின் தரம், நகையின் வகை, எந்தக் கடை எந்த மையத்தில் முத்திரை வாங்கியது என்ற விவரமெல்லாம் வரும். வளையலின் உள்பக்கத்தைப் போனில் பெரிதாக்கிப் படித்து, அங்கேயே நின்று போட்டாள். தரம் 916, அதாவது 22 காரட், அதில் குறை இல்லை. ஆனால் முத்திரை வாங்கிய தேதி நாங்கள் ஆர்டர் கொடுத்ததற்கு முன்னால்! பட்டறை, பாலிஷ், ஹால்மார்க் கூட்டம் என்று போனில் கேட்ட கதையெல்லாம், அதுவரை ஷோரூம் பெட்டியில் இருந்த ஒரு ரெடிமேட் வளையலுக்காக.

திரையைக் காட்டியதும் மேனேஜர் வந்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. "உங்களுக்கு டைம் கம்மின்னு நாங்கதான் அட்ஜஸ்ட் பண்ணோம்" என்றார், உபகாரம் செய்த தோரணையில். பணமாகத் திரும்பாது, வேறு நகை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் முடிவு. ஆர்டர் சீட்டை மேஜையில் வைத்து, நுகர்வோர் உதவி எண் 1915-ஐ டயல் செய்யட்டுமா என்று கேட்ட பிறகுதான், ஹெட் ஆபீஸில் கேட்டு அக்கவுன்ட்டில் போடுகிறோம் என்று இறங்கி வந்தார். சீட்டில் அளவும் சேதாரமும் எழுத்தில் இல்லாமல் போயிருந்தால் எங்கள் பேச்சு அங்கே எடுபட்டிருக்காது. தங்கை சீட்டைப் போட்டோவும் எடுத்து வைத்திருந்தாள்.

விசேஷத்துக்கு அம்மா பெரியம்மாவின் வளையலைத்தான் போட்டுக்கொண்டார். பணம் நான் சிட்னி திரும்பிய பிறகு வந்து சேர்ந்தது. கட்டிய ரூபாய் அப்படியே வந்தது, ஆனால் அதற்குள் தங்கம் விலை ஏறிவிட்டது. அன்றைய விலையில் நிற்கும் என்ற பேச்சை இப்போது யாரிடம் போய்க் கேட்பது? தங்கை ஓர் ஆசாரியை விசாரித்துப் பிடித்திருக்கிறாள். நாள் ஆகும், அவசரப்படுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். அது எவ்வளவோ மேல்.

கடையிலிருந்து போன வாரம் மெசேஜ் வந்தது, உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று. ஒன்று போட்டேன். ஐந்தாவது நிமிடம் போன் வந்துவிட்டது.