உப்புப் பரணி நனைந்தால் கிட்டாரைத் தொடாதே

ரியாத்தில் இருக்கும் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். "அண்ணே, ஆயுசுக்கும் வச்சிக்கிற மாதிரி ஒரு நல்ல கிட்டார் வாங்கணும், லீவுக்கு வரும்போது கையோட கொண்டு வந்துருவேன், ஒனக்க கிட்டார் மாதிரியே ஆல் சாலிட் பாக்கவா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. பிரிட்ஜ் (கம்பிகளைப் பிடித்திருக்கிற கட்டை) எழும்பிப்போன கிட்டாரைத் திருவனந்தபுரம் வரை ரயிலில் தூக்கிக்கொண்டு போய் ஒட்டி வாங்கி வந்த வாரம் அது. வெளியே ஆடிச் சாரல் வேறு. அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால், கேட்கிற எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். கொஞ்சம் கோபம் கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படிக்கவும்.

என்னிடம் இருப்பது டிரெட்நாட் என்கிற பெரிய உடம்புக் கிட்டார், சிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தில் முன்பலகை, ஈட்டி மரத்தில் பக்கமும் முதுகும், மஹோகனி கழுத்து. மகள் பள்ளியில் சேரும் முன்பே வாங்கியது, இப்போது அவள் பிளஸ் டூ. விலை லட்சத்தைத் தாண்டியது. கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் நான் திட்டப்போகிற விஷயத்துக்கு அந்தக் கம்பெனி மட்டும் காரணமில்லை. ஆல் சாலிட், அதாவது பிளைவுட் கலக்காமல் முழு மரத்தில் செய்த எந்தக் கிட்டாரும் குளச்சல் பக்கம் வந்தால் இதைத்தான் செய்யும்.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாசி, பங்குனியில் நாலு வாரம் மழையில்லாமல் காய்ந்த பிறகு இதில் ஒரு ஜி கார்டு அடித்தால், கடைசிக் கம்பியின் சத்தம் வயிற்றில் வந்து இறங்கும். தனித்தனிக் கம்பியாக மீட்டும்போது ஒவ்வொரு சுரமும் தெளிவாக நின்று, அடுத்தது வந்த பிறகுதான் மெல்ல அடங்கும். மைக் இல்லாமல் ஒரு சின்ன குருசடி (சிற்றாலயம்) முழுக்கக் கேட்கும். இதை வாசித்துவிட்டு வேறு கிட்டாரை எடுத்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருக்கும். இதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

அந்த ஈட்டியைப் பற்றியும் ஒரு சந்தோஷம் உண்டு. பிரேசில் தன் ரோஸ்வுட்டை உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திய பிறகு, 1969 வாக்கில் அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார்க் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மற்ற கம்பெனிகளும் அதே வழியில் வந்தன. இந்திய ரோஸ்வுட் என்றால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற ஈட்டிதான். எங்கள் தாத்தா படுத்த கட்டிலும் ஈட்டி. நம்ம மலை மரம் கடல் கடந்து போய்க் கிட்டாராகத் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் கொடுத்த காசு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் சத்தத்துக்காக ஈட்டிதான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே தம்பி. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகக்காரர்கள் பக்கமும் முதுகும் மட்டும் வேறு வேறு மரத்தில், மற்றதெல்லாம் ஒரே மாதிரி ஆறு கிட்டார் செய்ய வைத்து, எது எது என்று பார்க்க முடியாதபடி 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2018இல் வந்தது. விலை மலிந்த மரத்துக்கும் உசத்தி மரத்துக்கும் சொல்லும்படியாக வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. சத்தத்தைப் பெரிதும் தீர்மானிப்பது முன்பலகையும் அதன் அடியில் ஒட்டியிருக்கிற தாங்குகட்டைகளும்தான்.

என் சண்டையும் அந்த முன்பலகையோடுதான். அது மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத பலகை. அதன் மேல் ஆறு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. காற்றில் ஈரம் ஏறினால் மரம் ஈரத்தைக் குடித்துக் குறுக்கே பெருக்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது, இதை எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார். ஓரமெல்லாம் பக்கப்பலகையோடு ஒட்டியிருப்பதால் பெருத்த பலகைக்குப் போக வேறு இடமில்லை, நடுவில் வயிறு தள்ளும். அதோடு பிரிட்ஜும் ஏறும், கம்பியும் ஏறும். கழுத்தில் பதித்திருக்கிற உலோகக் கட்டுகள்தான் ஃபிரெட், பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே தடித்த கம்பி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் கைக்கு இதமாக இருக்கும். ஆனி பிறந்தால் என் கிட்டாரில் அது மூன்றரையைத் தாண்டிவிடும். ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துகிற எஃப் பார் கார்டு பிடித்தால் விரல் கிழியும். சத்தமும் போர்வைக்குள் இருந்து வருவது போல மங்கிவிடும்.

கிட்டார்க் கம்பெனிகள் பெரும்பாலும் காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் இருக்க வேண்டும் என்கின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. கடற்கரையில் என் மீட்டர் பாதி வருசம் 80க்கு மேலேதான் நிற்கும். இதே மாவட்டத்தில் ஆரல்வாய்மொழியில் ஒரு நண்பர் இருக்கிறார், அங்கே ஆடிக் காற்று காற்றாலையைச் சுழற்றுமே தவிர இந்த அளவுக்கு நனைக்காது. அவர் கிட்டாருக்கு என் கிட்டாரின் பிரச்சினை பாதிகூட இல்லை. ஆல் சாலிட் வாங்கச் சொல்லி எனக்கு அறிவுரை தந்ததும் அவர்தான், என்ன சொல்ல.

இதைவிட எரிச்சல், இணையத்தில் கிடைக்கிற அறிவுரை முழுவதும் குளிர்நாட்டுக்காரர்களுக்கானது. அவர்கள் வீட்டில் ஹீட்டர் ஓடி மரம் காய்ந்து பிளக்கும். அதனால் எந்த வீடியோவைத் திறந்தாலும் நனைத்த பஞ்சை கிட்டாருக்குள் தொங்கவிடு என்பார்கள். எனக்கும் பெட்டியோடு அப்படி ஒரு பஞ்சுக்குழாய் இலவசமாக வந்தது. குளச்சலில் அதை வைத்து என்ன செய்வது? இன்னும் உறை பிரிக்காமல் கிடக்கிறது, வேண்டுமென்றால் ரியாத்துக்கு அனுப்பி வைக்கிறேன்.

அப்புறம், காலம் பார்த்துக் கழுத்தறுப்பதில் இந்தக் கிட்டாரை யாரும் மிஞ்ச முடியாது. கார்த்திகை, மார்கழியில்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் கேரல். வீடு வீடாக ராத்திரி முழுக்க வாசிக்க வேண்டும். அப்போதுதான் ஐப்பசித் துலாமழையில் ஊறிப்போய் இது படு மோசமாக இருக்கும். மழை ஓய்ந்து, மரம் காய்ந்து, சத்தம் திறந்து நிற்கிற நாட்களில் தவக்காலம் வந்துவிடும். தவக்காலப் பூசையில் இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக அடக்கி வாசிக்க மட்டும்தான், தனியாக விளாச முடியாது. வருசத்தில் சிறந்த சத்தத்தை வைத்துக்கொண்டு 'உம்' என்று இருக்க வேண்டியதுதான்.

இத்தனை வருசத்தில் உருப்படியாகத் தெரிந்துகொண்ட ஒன்று சமையலறையில் இருக்கிறது. ஈரப்பத மீட்டர் வாங்கினால் அது உண்மை சொல்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர், ஈரமணல் பதத்துக்கு. மீட்டரையும் மூடியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு ராத்திரி விட்டால் மீட்டர் 75 காட்ட வேண்டும். ஈர உப்பைச் சுற்றிய காற்று 75இல்தான் நிற்கும், அது உப்பின் குணம். இதையே திருப்பிப் போட்டால் மீட்டரே வேண்டாம். காற்றில் 75க்கு மேல் ஏறினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர் விடும். உப்பளத்துக் கல்லுப்பில் வேறு உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னாலேயே நீர் விடும். அதனால் அம்மாவின் உப்புப் பரணியை, அதாவது உப்பு ஜாடியை, எட்டிப் பார்ப்பது என் வழக்கம். கல்லுப்பு நனைந்திருந்தால் உஷாராக இருப்பேன், தூளுப்பும் சொதசொதவென்றிருந்தால் அன்று கிட்டார் பெட்டியைத் திறக்க மாட்டேன்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை வைத்திருக்கிறேன். அது ஈரம் குடித்து நிறைந்ததும் சூடாக்கி மறுபடி வைக்க வேண்டும், அதற்கென்று ஒரு பழைய சட்டி. "இங்க கொப்பரை காயப் போட வெயிலில்ல, ஒனக்க கிட்டாருக்கு அடுப்பாக்கும்" என்று அம்மா ஆரம்பித்துவிடுவார்கள். ஈரம் அதிகமானால் எடுத்துக்கொண்டு, குறைந்தால் திருப்பித் தருகிற இருவழிப் பைகளும் கிடைக்கின்றன. ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு அவை சீக்கிரமே தளதளவென்று வீங்கிப்போய் மாற்றச் சொல்லும். தண்டச் செலவு.

நிஜமாகக் கைகொடுத்தது இரண்டு சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்குகிற சின்னத் துண்டு) வைத்துக்கொண்டதுதான். மழைக்கு உயரம் குறைத்துத் தேய்த்த எலும்பு சேடில் ஒன்று, வெயிலுக்கு உயரமானது ஒன்று. மழையில் கம்பி ஏறிவிட்டதே என்று இருக்கிற ஒரே சேடிலைத் தேய்த்துவிட்டால் மாசியில் பலகை இறங்கும்போது கம்பி ஃபிரெட்டில் பட்டு ஜிர்ர் என்று இரையும். வேறு சிலர் உடனே டிரஸ் ராடைத் திருகச் சொல்வார்கள். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்கிற கம்பி, வயிறு தள்ளினதற்கு அது மருந்தில்லை. கடற்காற்றுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், சாதாரண கம்பி இங்கே சீக்கிரம் கறுத்துவிடும். மேலே உறை பூசிய கம்பி விலை கூட, ஆனாலும் அதையே போடு.

இவ்வளவு பார்த்தும் பிரிட்ஜ் எழும்பிவிட்டது. பின்ஓரத்தில் ஒரு காகிதத்தைச் செருகினால் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. முதலில் இங்கேயே பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். பார்த்த கையோடு "ரெண்டு ஸ்குரூ போட்டா நூறு வருசம் நிக்கும்" என்றார்கள். முன்பலகையில் ஸ்குரூ! சொன்னவரிடம் ஒன்றும் பேசாமல் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன், அந்த அளவுக்கு எனக்குப் பொறுமை இருந்ததே அதிசயம். திருவனந்தபுரத்துக்காரர் செய்ததுதான் முறை. பிரிட்ஜைச் சூடாக்கி மெல்லிய தகட்டால் முழுசாக விடுவித்து, பழைய பசையைச் சுரண்டி, அடியில் ஓரத்தில் மீந்திருந்த வார்னிஷையும் எடுத்து, மரத்தோடு மரம் சேர ஒட்டி, ஒலித்துளை வழியாகக் கிளாம்ப் விட்டு ஒரு நாள் இறுக்கி வைத்தார். வாங்கும்போதே தொழிற்சாலையில் அந்த வார்னிஷை ஒழுங்காக எடுத்திருந்தால் எனக்கு இந்த அலைச்சல் இல்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டபோது ஏறின கோபம் இன்னும் இறங்கவில்லை.

எங்கள் கோயிலில் பிளைவுட் கிட்டார் ஒன்று கிடக்கிறது. உறைகூடக் கிடையாது, சக்ரீஸ்தில் (பூசைச் சாமான் வைக்கிற அறையில்) மழைச்சாரல் அடிக்கிற ஜன்னலுக்குக் கீழே சாய்த்து வைத்திருப்பார்கள். பிள்ளைகள் எல்லாம் எடுத்துத் தட்டும். இத்தனை வருசத்தில் அதன் கம்பி ஒரு மில்லிமீட்டர் ஏறியதில்லை. பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஒன்று பெருக்கப் பார்த்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். சத்தம் சுமார்தான். ஆனால் கிறிஸ்துமஸ் ராத்திரியில் அதுதான் சுதியோடு நிற்கிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன் தம்பி. ரியாத்தில் வாங்காதே. அங்கே கடையில் ஏசி, வெளியே பாலைவனக் காற்று, கிட்டார் கொஞ்சமும் வயிறு தள்ளாது. நீ அதை ஆனியில் லீவுக்கு இங்கே கொண்டு வந்தால் பத்து நாளில் வயிறு தள்ளும், திரும்பக் கொண்டு போனால் காயும். இந்தப் போக்குவரத்துதான் மரத்தைக் கொல்லும். ஆயுசுக்கும் எங்கே இருக்கப் போகிறாயோ அங்கேயே, மழை பெய்கிற மாதத்தில் கடைக்குப் போய் வாசித்துப் பார்த்து வாங்கு. ஸ்ப்ரூஸ் முன்பலகை மட்டும் முழு மரமாக, பக்கமும் முதுகும் பிளைவுட்டாக இருப்பதை எடு. யமஹா எஃப்ஜி 800 அந்த வகைதான், விலையும் என்னுடையதில் சின்னப் பங்கு. முன்பலகை அதிலும் கொஞ்சம் எழும்பும், ஆனால் சமாளிக்கலாம். இல்லை, பெரிய காசே போடுவேன் என்றால் கழுத்து போல்ட் போட்டு இறுக்கினதாக இருக்கட்டும். வருசக்கணக்கில் கம்பி இழுத்துக் கழுத்தின் சாய்மானம் மாறும்போது அதைக் கழற்றிச் சரிசெய்வது லேசு, பசை போட்டதென்றால் ஆவி விட்டுத்தான் கழற்ற வேண்டும்.

என்னுடையது போல ஆல் சாலிட்? வேண்டாம். மேலே அந்த ஜி கார்டைப் பற்றி எழுதியதெல்லாம் உண்மை, ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். ஆனாலும் வேண்டாம். பங்குனியில் கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது எடு என்று சொல்லியிருப்பேனோ என்னவோ, நீ ஆடியில் கேட்டிருக்கிறாய்.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு விற்கிறாயா என்று யாரும் மெசேஜ் போட வேண்டாம், விற்கவில்லை. கேரலுக்கு இரவல் கேட்டும் வர வேண்டாம். கோயில் கிட்டார் இருக்கிறது, நானும் அதைத்தான் எடுக்கப் போகிறேன்.