பெர்லின் ரயிலிலிருந்து மக்கா வரை: முஹம்மது அசதின் தன்வரலாறு

லெம்பர்க் (இன்றைய உக்ரைனின் லிவிவ்) நகரின் யூதக் குடும்பமொன்றில் 1900இல் லியோபோல்ட் வைஸாகப் பிறந்து, 1926இல் இஸ்லாத்தைத் தழுவிய முஹம்மது அசதின் 'தி ரோட் டு மெக்கா' 1954இல் வெளிவந்தது. 1932இல் தோழர் ஸைதுடன் ஒட்டகத்தில் மக்காவை நோக்கிச் சென்ற 23 நாள் பயணமே நூலின் சட்டகம். இளமையும் பத்திரிகைப் பணியும் அதனூடே நினைவுகளாக விரிகின்றன.

பெர்லின் சுரங்க ரயில் காட்சியை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல முடியாது. நன்கு உண்டு, நன்கு உடுத்தி அமர்ந்திருப்போரின் முகங்களில் ஒளிந்திருக்கும் வேதனையைக் கண்டு திகைக்கும் அவர், வீடு திரும்பியதும் மேசையில் திறந்து கிடந்த குர்ஆனில், மேலும் மேலும் தேடும் பேராசையைக் கண்டிக்கும் 'அத்தகாஸுர்' அத்தியாயத்தைக் காண்கிறார். அலங்காரமே இல்லாத அந்தப் பக்கங்கள் என் மனத்தை உலுக்கின.

ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியன்று என்பதை நம்புவது கடினம். அரசியல் விளக்கங்கள் சில இடங்களில் நீள்கின்றன. 1932உடன் கதை நின்றுவிடுவதால், 1980இல் முழுமையாக வெளிவந்த குர்ஆன் மொழிபெயர்ப்பு விரிவுரைக்கு அவர் கொடுத்த நீண்ட உழைப்பு இதில் இல்லை; அதுதான் எனக்குப் பெருங்குறை.