பத்து பூத்தே கிராமத் தங்கல்: ஒராங் ஊத்தான் காட்டுக்குள் இரண்டு இரவு

மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செப்பிலோக் மறுவாழ்வு மையத்தில் ஒராங் ஊத்தான் என்ற மனிதக் குரங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதைக் காட்டிலேயே பார்க்க விரும்பினால் கினபாத்தாங்கான் ஆற்றங்கரையிலுள்ள பத்து பூத்தேவுக்குப் போங்கள். அங்கே கோப்பெல் என்ற கிராமக் கூட்டுறவுச் சங்கம், மிசோ வாலாய் என்ற பெயரில், விருந்தினரை வீடுகளில் தங்க வைக்கிறது.

எந்த வீடு என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லாக் குடும்பத்துக்கும் வருமானம் போக வேண்டும் என்று முறை வைத்து அனுப்புகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. தரையில் பாய் விரித்து, வீட்டுக்கார மாச்சிக்கோடு (மலாயில் அத்தை, பெரியம்மா மாதிரி அழைக்கும் சொல்) உட்கார்ந்து ஆற்று மீனும் சம்பலும் சாப்பிட்டோம். ஹோட்டல் வசதியைத் தேடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

நகரத்தில் ஓர் ஏஜென்ட் "ஒராங் ஊத்தான் நிச்சயம்" என்று விற்கப் பார்த்தார். கிராமத்து வழிகாட்டி அப்படி எந்த வாக்கும் தரவில்லை. ஆனால் விடியற்காலைப் படகில் அவர்தான் முதலில் கண்டார்: அத்தி மரத்தில் தாயும் குட்டியும். தாய் ஒரு கையால் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு பழத்தை உதட்டால் பறித்தது. குட்டி அதன் விலாவை விடவே இல்லை. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் ஆறேழு ஆண்டு இடைவெளி விடும் இனம் இது. ஒன்றை இழந்தாலும் ஈடு செய்வது கடினம்.

நான் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பா குலை வெட்டியவர். அந்த மரம் எங்களுக்குச் சோறு போட்டது, பழிக்க மாட்டேன். ஆனால் இங்கே சில இடங்களில் ஆற்று விளிம்பு வரை செம்பனைதான். 2005இல் அறிவித்த வனவிலங்குச் சரணாலயமும் பத்துத் துண்டுகளாகவே கிடக்கிறது. அந்தத் துண்டுகளை இணைக்கத்தான் ஊரார் மரம் நடுகிறார்கள். இவர்களில் முன்பு மரம் வெட்டும் வேலைக்குப் போனவர்களும் உண்டு. நாங்களும் லாரான் கன்று நட்டோம். முருகனுக்குரிய நம் கடம்ப மரமேதான்! நடுவது எளிது, கொடியும் புல்லும் கன்றை மூடிவிடாமல் ஆண்டுக்கணக்கில் வெட்டி விடுவதுதான் பெரும்பாடு. தங்குகிறவர்கள் கொடுக்கும் காசு அந்தக் கூலிக்கும் உதவுகிறது.

அட்டை ஏறாத காலுறை அவசியம். டிசம்பர், ஜனவரியில் ஆறு பெருகும், பிள்ளைகளோடு போகிறவர்கள் தவிர்க்கலாம். அப்புறம், முன்பதிவைக் கூட்டுறவிடமே நேரடியாகச் செய்யுங்கள். நடுவில் யாருக்கும் கமிஷன் போகாது.